இலையுதிர்கால ஊசிகள்: ஈஸ்ட்ஹாமில் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

லண்டனின் நியூஹாம் பகுதியில், ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நடந்தால் பத்து அடிக்கு ஒரு மொழி காதில் விழும். மகாலட்சுமி கோயிலிலிருந்து திரும்புகிற யாழ்ப்பாணத்து அம்மா, தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்த தம்பி, வங்காளி அன்ரி, ருமேனியத் தச்சர், கானாவிலிருந்து வந்த நேர்ஸ், எல்லோரும் ஒரே பஸ்ஸுக்காகக் காத்து நிற்பார்கள். செப்டம்பர் பிறந்ததும் எல்லோருடைய போனுக்கும் தடுப்பூசி பற்றிய ஒரே மாதிரி ஆங்கிலத் தகவல் வரும். அதைப் படித்த பிறகு மனதில் எழுகிற கேள்வி மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

2021 முதல் எங்கள் பகுதியில் நடக்கும் தடுப்பூசி நாட்களில் மொழி உதவிக்கு நிற்கிறேன். நான் டொக்டரோ நேர்ஸோ இல்லை. வரிசையில் நிற்பவர்கள் கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி, தாதிமார் சொன்ன பதிலையும் அரசின் வழிகாட்டலையும் ஒத்துப் பார்த்து வைத்திருக்கிறேன். இங்கே இருப்பது இங்கிலாந்துக்குப் பொருந்தும். யாருக்கு எந்த ஊசி என்ற விதிகள் ஆண்டுதோறும் கொஞ்சம் மாறும், அதனால் எந்த ஆண்டின் விதி என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தடிமன் தானே? அதற்கு எதற்கு ஊசி?

கொப்பியின் முதல் பக்கத்தில் இருப்பது இந்தக் கேள்விதான். நம் வீடுகளில் மூக்கு ஒழுகினாலும் "ஃப்ளூ" என்கிறோம், நாலு நாள் எழும்ப முடியாமல் கிடந்தாலும் "தடிமன் காய்ச்சல்" என்கிறோம். இரண்டும் வேறு. தடிமன் மெல்ல மெல்ல வரும், மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். ஃப்ளூ இன்ஃபுளுவென்சா என்ற வைரசால் வருவது. காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் உடம்பு முழுவதும் உளைந்து, காய்ச்சல் கொதிக்க, போர்வைக்குள் நடுங்குவார். இளம் வயதில் பெரும்பாலும் ஒரு வாரத்தில் போய்விடும். வயதானவருக்கு அது நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். நீரிழிவு உள்ளவருக்குச் சீனி அளவு தாறுமாறாக ஏறும்.

என் அப்பாவுக்கு 2018 ஜனவரியில் நடந்தது இது. வயது 68, பதினைந்து வருடமாகச் சலரோகம் (நீரிழிவு). ஊசிக்கு அழைத்து வந்த கடிதம் சூப்பர்மார்க்கெட் கூப்பன்களுக்கு அடியில் லாச்சிக்குள் கிடந்தது. "எனக்குத் தடிமன் பிடிக்கிறதே இல்லை, பிள்ளை" என்று ஒக்டோபரில் சொன்னார், நானும் விட்டுவிட்டேன். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாத்திரையோடு இருந்தவர் இன்சுலினோடு வீட்டுக்கு வந்தார். அந்தக் கடிதத்தை அப்போதே எடுத்து, பக்கத்தில் இருந்து அவருக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிப்பதும், ஆவி பிடிப்பதும் நல்லதுதான், தொண்டைக்கு இதமாக இருக்கும். வைரசை அடையாளம் காண உடம்பைப் பழக்குவது ஊசி மட்டும்தான். இரண்டையும் செய்யலாம், ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

ஃப்ளூ ஊசி யாருக்கு இலவசம்?

2025 இலையுதிர்காலத்தில் இருந்த விதி இது: 65 வயதும் அதற்கு மேலும், கர்ப்பிணிகள், 2 வயது 3 வயதுக் குழந்தைகள், ரிசெப்ஷன் என்ற பள்ளியின் முதல் வகுப்பிலிருந்து 11ஆம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள், மருத்துவம் மற்றும் பராமரிப்புத் துறையில் நேரடியாக ஆட்களோடு வேலை செய்பவர்கள். இவர்களோடு நீண்டகால நோய் உள்ள எல்லா வயதினரும். நீரிழிவு, இதய நோய், சிறுநீரகம் அல்லது ஈரல் பழுது, பாரிசவாதம், ஸ்டீராய்ட் பம்ப் பாவிக்கும் ஆஸ்துமா, புற்றுநோய் சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், மிக அதிக உடற்பருமன் உள்ளவர்கள் எல்லோரும் இதில் அடங்குவர்.

நீரிழிவை நான் முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. தெற்காசியப் பின்னணி உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகவும், இளவயதிலேயும் வருகிறது. 42 வயதில் மெட்ஃபோர்மின் எடுக்கும் ஒருவர் "நான் இன்னும் கிழவன் இல்லையே" என்று ஒதுங்கிப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். அண்ணா, வயது பிரச்சினையே இல்லை, நீங்கள் அந்த மாத்திரை எடுப்பதே போதும், உங்களுக்கு ஊசி இலவசம்.

எனக்குப் பிரஷர் மட்டும்தான். தைரொய்ட் மாத்திரையும் எடுக்கிறேன். எனக்குக் கிடைக்குமா?

65க்குக் கீழே என்றால், இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்படாத வெறும் உயர் இரத்த அழுத்தத்துக்குக் கிடைக்காது. தைரொய்டுக்கும் அப்படித்தான். ஆனால் பல பேருக்குத் தங்கள் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாது. "கிட்னி கொஞ்சம் வீக்" என்று எப்போதோ சொல்லியிருப்பார்கள். ஜிபி (குடும்ப டொக்டர்) வரவேற்பில் கேளுங்கள், பார்த்துச் சொல்வார்கள். தகுதி இல்லையென்றால் பார்மசியில் ஏறத்தாழ 20 பவுண் கட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். அது வேலை இல்லையே?

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்று பேசுவேன். படுக்கையில் இருக்கும் மாமியாரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சாப்பாடு ஊட்டுகிற மருமகள், "நீங்கள் பராமரிப்பாளரா?" என்று கேட்டால் "இல்லை, வீட்டில் சும்மா இருக்கிறேன்" என்பார். சும்மா இல்லை, அம்மா. வயதான ஒருவருக்கோ, நோயாளிக்கோ, மாற்றுத்திறன் உள்ளவருக்கோ நீங்கள்தான் முக்கிய ஆதாரம் என்றால், உங்களுக்கும் ஃப்ளூ ஊசி இலவசம். அரசின் பராமரிப்பாளர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் உண்டு. ஜிபியிடம் உங்கள் பெயரைப் பராமரிப்பாளராகப் பதிந்துவிட்டால் அடுத்த வருடம் அழைப்பு தானாகவே வரும். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் கேட்கலாம்.

பெட்ரோல் நிலையத்திலும் கடைகளிலும் நிற்பவர்கள் நாள் முழுக்க ஆட்களின் இருமலுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு இலவசப் பட்டியலில் இடம் இல்லை என்பது எனக்கு மனக்குறை. சில முதலாளிமார் செலவை ஏற்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

போன வருடம் போட்டேனே, ஏன் திரும்பவும்?

இரண்டு காரணம். ஊசி தரும் பாதுகாப்பு மாதங்கள் போகப் போகக் குறையும். மற்றது, வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெப்ரவரியிலும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் கூடி, எந்த வகைகள் பரவுகின்றன என்று பார்த்து, வடக்கு அரைக்கோளத்தின் அடுத்த குளிர்காலத்துக்கான ஊசியில் எவை இருக்க வேண்டும் என்று பரிந்துரைப்பார்கள். ஊசி தயாரிக்க ஆறு மாதமாவது வேண்டும் என்பதால்தான் இவ்வளவு முன்கூட்டியே. முன்பு நாலு வகை இருந்த ஊசியில் இப்போது மூன்றுதான். பி யமகாட்டா என்ற ஒரு வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படாததால் அதை எடுத்துவிட்டார்கள்.

பெப்ரவரியில் தேர்ந்ததும் டிசம்பரில் பரவுவதும் சில ஆண்டுகளில் சரியாகப் பொருந்தாது. 2025 இலையுதிர்காலத்தில் எச்3என்2 என்ற ஃப்ளூ வைரசின் உருமாறிய ஒரு கிளை பரவியது. அந்த ஆண்டுகூட, ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலை வராமல் ஊசி பிள்ளைகளில் 70 முதல் 75 வீதமும், பெரியவர்களில் 30 முதல் 40 வீதமும் காத்தது என்று பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமையின் ஆரம்ப ஆய்வு சொன்னது. "அப்ப நூறு வீதம் இல்லையா?" என்று ஒரு ஐயா கேட்டார். இல்லை, ஐயா. ஊசி போட்டும் ஃப்ளூ வரலாம். வந்தாலும் ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போகிற வாய்ப்பு குறையும்.

கோவிட் பூஸ்டர் இன்னும் உண்டா?

உண்டு, ஆனால் முன்பு போல எல்லோருக்கும் இல்லை. 2024 இலையுதிர்காலத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். 2025 இலையுதிர்காலத்தில் அது 75 வயதுக்கு மேற்பட்டவர்கள், முதியோர் இல்லத்தில் இருக்கும் மூத்தவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் என்று சுருங்கியது. அதனால்தான் கோயில் மண்டபத்தில் இரண்டு பெரியவர்கள் தங்களுக்குள் ஒத்துப் பார்க்கும்போது, 78 வயதுக்காரருக்கு வந்த அழைப்பு 70 வயதுக்காரருக்கு வரவில்லை. உங்கள் பெயரை யாரும் அழித்துவிடவில்லை, விதிதான் மாறியது. 70 வயதுக்காரர் ஃப்ளூ ஊசிக்கு உரியவர்தான், அதையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள்.

முதல் இரண்டு ஊசியும் அஸ்ட்ராசெனெகா போட்ட பலர் இரத்தக்கட்டி பற்றிய செய்திகளால் இன்னும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் ஒன்றுமில்லாததில் வந்ததல்ல. மிக அரிதாக என்றாலும் அப்படி ஒரு பக்கவிளைவு இருந்தது, அதனால்தான் 2021இலேயே 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வேறு ஊசி கொடுக்கச் சொன்னார்கள். அந்த ஊசி இப்போது பாவனையில் இல்லை. இன்று கொடுப்பது எம்.ஆர்.என்.ஏ. என்ற வேறு வகை.

இரண்டு ஊசியும் ஒரே நாளில் போடலாமா?

ஃப்ளூவும் கோவிட்டும் ஒரே நாளில் போடலாம். பெரும்பாலும் ஒரு கைக்கு ஒன்று. பஸ் இரண்டு மாறி வரும் வயதானவர்களுக்கு இதுதான் வசதி. அடுத்த நாள் கொஞ்சம் கூடுதலாக அசதி இருக்கலாம், அன்றைக்குப் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேறு ஆளை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

ஊசி போட்ட அடுத்த நாளே காய்ச்சல் வந்தது. ஊசிதானே ஃப்ளூவைக் கொடுத்தது?

பெரியவர்களுக்குப் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வர வழியில்லை. போட்ட இடத்தில் நோவு, இலேசான காய்ச்சல், உடம்பு உளைவு ஒன்றிரண்டு நாள் இருக்கும். தேவையென்றால் பரசிட்டமோல் எடுக்கலாம். மற்றது, ஊசி வேலை செய்யப் பத்திலிருந்து பதினாலு நாள் ஆகும், அந்த இடைவெளியில் ஏற்கெனவே தொற்றியிருந்த ஏதாவது வெளிவரலாம். ஊசி போடும் காலமும் ஊரெல்லாம் தடிமன் பரவும் காலமும் ஒன்றுதான், அதனால் பழி ஊசி மேல் விழுகிறது.

முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு ஆகியவை வேறு விடயம். மிக அரிது, வந்தால் உடனே அவசர எண் 999க்கு அழையுங்கள். பெரும்பாலும் போட்ட சில நிமிடங்களிலேயே தெரியும், ஊசி போடுபவர்கள் அதற்கான மருந்தைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள்.

ஊசிக்குள் என்ன இருக்கிறது? பன்றி, மாடு, முட்டை ஏதாவது?

எங்கள் வரிசையில் சைவக்காரர், முஸ்லிம்கள், வீகன் பிள்ளைகள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள், மூவரும் வேறு வேறு காரணத்துக்காக இதே கேள்வியைக் கேட்பார்கள். இதைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். கேட்காமலே திரும்பிப் போனவர்களும் உண்டு. கூச்சமே வேண்டாம், உங்கள் உடம்புக்குள் போவதை நீங்கள் கேட்கத்தான் வேண்டும்.

பிள்ளைகளுக்கு மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. அதை ஏற்காத குடும்பங்களுக்கு ஜெலட்டின் இல்லாத ஊசி இருக்கிறது, கேட்டால் தருவார்கள். முஸ்லிம் பெற்றோரிலும் ஒரே கருத்து இல்லை. வாயால் உண்ணாத மருந்து என்பதால் ஏற்பவர்களும் உண்டு, ஊசியையே கேட்பவர்களும் உண்டு. யாரும் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு வழியும் திறந்திருக்கிறது.

பெரியவர்களின் ஃப்ளூ ஊசிகளில் பன்றி ஜெலட்டின் இல்லை. ஆனால் பல வகைகள் கோழி முட்டையில் வைரசை வளர்த்துத் தயாரிக்கப்படுகின்றன. முட்டையே இல்லாமல் தயாரிக்கும் வகைகளும் உண்டு. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், முட்டை தொடாத சைவக்காரரும் பதிவு செய்யும்போதே அதைக் கேளுங்கள், அன்று கையிருப்பில் இல்லையென்றால் வேறு நாள் தருவார்கள். 65 வயதுக்கு மேல் கொடுக்கும் ஒரு வகையில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் துணைப்பொருளில் ஸ்குவாலீன் இருக்கிறது, அது சுறாவின் ஈரல் எண்ணெயிலிருந்து எடுக்கப்படுவது. வாழ்நாள் முழுக்க மரக்கறி மட்டும் சாப்பிட்ட ஒரு பாட்டிக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மருந்துதானே, கடவுளுக்குத் தெரியும்" என்று கையை நீட்டினார். இன்னொருவர் வேறு வகை கேட்டார், அடுத்த வாரம் வந்து போட்டுக்கொண்டார். இரண்டு பேருமே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுத்தார்கள். பிறகு யாரோ வாட்ஸப்பில் சொல்லித் தெரிந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணம் வரும், அடுத்த வருடம் அந்தக் குடும்பமே வராது.

கோவிட்டுக்கு இப்போது போடும் எம்.ஆர்.என்.ஏ. ஊசியில் முட்டையோ ஜெலட்டினோ இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சம்மதப் படிவம் வந்தது. நிரப்பாவிட்டால் என்ன?

நிரப்பாவிட்டால் உங்கள் பிள்ளைக்குப் போடமாட்டார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் அது மின்னஞ்சலில் வரும் ஓர் இணைப்பு. பள்ளிக்கூடத்தின் மற்றப் பத்து மின்னஞ்சலுக்குள் புதைந்துவிடும். வேண்டாம் என்றாலும் "வேண்டாம்" என்று நிரப்புங்கள், ஊசியாக வேண்டும் என்றால் அதையும் அங்கேயே எழுதலாம்.

தெளிப்பு மருந்து ஒவ்வொரு மூக்குத் துளையிலும் 0.1 மில்லிலீற்றர், ஒரு சின்னச் சாரல். பிள்ளை மூச்சை இழுக்கக்கூடத் தேவையில்லை. ஒரு பெண்பிள்ளை "முடிஞ்சுதா?" என்று கேட்டபோது அது ஏற்கெனவே முடிந்திருந்தது. இதில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ், அதனால் மூக்கு கொஞ்சம் ஒழுகலாம், ஃப்ளூ வராது. கடந்த மூன்று நாளுக்குள் மூச்சு இழுப்பு வந்திருந்தாலோ, வீட்டில் எதிர்ப்புச் சக்தி மிக மிகக் குறைந்த ஒருவர் இருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள், அப்போது ஊசிதான் பொருத்தம்.

பள்ளிக்குப் போகாத 2, 3 வயதுக் குழந்தைகளுக்கு ஜிபியில் கேளுங்கள்.

கந்தசஷ்டி விரதம் இருக்கிறேன். மாலை போட்டிருக்கிறேன். நோன்பு இருக்கிறேன். போடலாமா?

கந்தசஷ்டி ஒக்டோபரிலோ நவம்பரிலோ வரும், ஊசிக் காலத்தின் நடுவில். ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் அடுத்ததாக வருவார்கள். தசையில் போடும் ஊசி உணவு இல்லை, விரதத்தை அது முறிப்பதாக யாரும் கருதத் தேவையில்லை. ரமழான் நோன்பைப் பற்றியும் பிரிட்டிஷ் இஸ்லாமிய மருத்துவ சங்கம் அதையே சொல்லியிருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். ஆறு நாள் பால், பழத்தோடு இருந்து, சலரோகமும் உள்ள ஒருவர் வரிசையில் அரை மணி நேரம் நின்றால் தலை சுற்றும். வந்தவுடனே சொல்லுங்கள், நாற்காலி தருவோம், முன்னுக்கு அனுப்புவோம். முடிந்தால் விரதம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

ஃப்ளூ ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம், செப்டம்பரிலிருந்தே கிடைக்கும். கர்ப்ப காலத்தில் நெஞ்சும் இதயமும் ஏற்கெனவே கூடுதலாக வேலை செய்கின்றன, ஃப்ளூ வந்தால் தாய்க்கு ஆபத்து அதிகம். ஊசியால் தாயில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போகும். பிறந்து முதல் ஆறு மாதம் பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது என்பதால் தாய் வழியாகப் போவதுதான் ஒரே பாதுகாப்பு. அதோடு 16 வாரத்திலிருந்து குக்கல் (கக்குவான் இருமல்) ஊசியும், 28 வாரத்திலிருந்து, நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரசுக்கான ஊசியும் கேட்டுப் போடுங்கள். ஊரிலிருந்து அம்மா போனில் "பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊசியா?" என்று பதறினால், ஊரிலும் கர்ப்பிணிகளுக்கு ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போடுகிறார்களே என்று நினைவுபடுத்துங்கள்.

இரத்தம் உறையாத மாத்திரை எடுக்கிறேன்.

சொல்லிவிட்டுப் போடலாம். மெல்லிய ஊசியால் போட்டு, இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். வோர்ஃபரின் எடுப்பவர்கள் தங்கள் இரத்தப் பரிசோதனைக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.

எங்கே போவது? எனக்கு ஆங்கிலம் வராது.

ஜிபி, பல பார்மசிகள், கர்ப்பிணிகளுக்கு மகப்பேற்றுப் பிரிவு. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.இன் செயலியிலும் இணையத்திலும் பதியலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் 119க்கு அழைக்கலாம், கட்டணமில்லை. எடுத்தவுடன் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஜிபியிலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதற்கும் காசு இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகப் பேசுபவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று 2021 குடிசன மதிப்பீடு காட்டியது. தமிழில் கேட்பது யாருக்கும் புதினமான விடயம் அல்ல.

பன்னிரண்டு வயது மகனை மொழிபெயர்க்கக் கூட்டி வருகிறார்கள். பிள்ளை கெட்டிக்காரன்தான். ஆனால் அம்மாவுக்கு இருக்கும் நோய்களை அவன் வாயால் சொல்ல வைப்பது அவனுக்கும் பாரம், அம்மாவும் சிலதை மறைத்துவிடுவார்.

வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாதவர்களுக்கு நேர்ஸ் வீட்டுக்கு வந்து போடுவார், ஜிபியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

விசா பிரச்சினை இருக்கிறது. பதிந்தால் காட்டிக் கொடுத்துவிடுவார்களா?

இதைத் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். இங்கிலாந்தில் ஜிபியிடம் பதிய அடையாள அட்டையோ, முகவரிச் சான்றோ, குடிவரவு ஆவணமோ கட்டாயம் இல்லை. வரவேற்பில் ஒருவர் கேட்டுத் திருப்பி அனுப்பினாலும் அது விதி அல்ல, மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள், அல்லது உதவிக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஜிபி சேவை எல்லோருக்கும் இலவசம். ஊரிலிருந்து சில வாரம் வந்திருக்கும் அம்மா அப்பாவையும் தற்காலிகமாகப் பதியலாம்.

ஊசிக்குக் காசு கட்டச் சொல்லி மெசேஜ் வந்தது.

அழித்துவிடுங்கள். என்.எச்.எஸ். தரும் ஊசிக்குக் காசும் கேட்கமாட்டார்கள், வங்கி விபரமும் பின் (PIN) இலக்கமும் கேட்கமாட்டார்கள். சந்தேகம் வந்தால் அந்த இணைப்பைத் தொடாமல் 119க்கு அழையுங்கள்.

என்ன உடுத்துக்கொண்டு வருவது?

சின்னக் கேள்விதான், ஆனால் பதில் தெரியாமல் நிறையப் பேர் சங்கடப்பட்டிருக்கிறார்கள். நவம்பர்க் காலையில் ஒரு அம்மம்மா வந்தார். மேலே கோட், அதற்குள் கார்டிகன், அதற்குள் சேலை, அதற்குள் முழுக்கைத் தேர்மல். ஒவ்வொன்றாகக் கழற்றும்போது பின்னால் நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கானா நேர்ஸ் தன் கதிரையை நகர்த்தி, மறைப்புத் திரையை இழுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அம்மம்மா போகும்போது அந்த நேர்ஸின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

அதனால், தோள்பட்டை வரை சுலபமாக உயர்த்தக்கூடிய, தளர்ந்த கை உள்ள உடுப்பை உடுத்துக்கொண்டு வாருங்கள். திரைக்குப் பின்னால் போட வேண்டும், பெண்தான் போட வேண்டும் என்றால் வாசலிலேயே சொல்லுங்கள்.

அம்மா பிடிவாதமாக வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

அதட்டாதீர்கள். "ஏன் வேண்டாம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உண்மையான காரணம் இரண்டாவதாகத்தான் வரும். ஒரு அம்மா ஊசி கூடாது என்று வாட்ஸப் வீடியோ காட்டினார். அரை மணி நேரம் பேசிய பிறகு தெரிந்தது, பஸ்ஸில் தனியாகப் போகப் பயம். மகன் வேலை, மருமகளும் வேலை, அவர்களைக் கேட்கத் தயக்கம். காருக்கு ஒருவரை ஒழுங்கு செய்தோம், ஊசி போட்டுக்கொண்டார்.

2021 ஜனவரியில் பர்மிங்ஹாமின் அல்-அப்பாஸ் பள்ளிவாசலில் தடுப்பூசி நிலையம் திறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. நம்பிக்கையான இடத்தில், தெரிந்த முகங்களுக்கு நடுவில் வைத்தால் ஆட்கள் வருவார்கள் என்பது அங்கே தெரிந்தது. உங்கள் கோயில் மண்டபமோ ஊர்ச் சங்கமோ அதற்கு இடம் தர முடிந்தால் உள்ளூர்ச் சுகாதாரக் குழுவோடு பேசுங்கள். எல்லாம் கேட்டுப் புரிந்த பிறகும் அவர் வேண்டாம் என்றால் அது அவர் முடிவு. அடுத்த வருடம் திரும்பவும் கேளுங்கள்.

75 வயது அப்பாவுக்கு வேறு ஊசிகளும் இருக்கிறதாமே?

2024 செப்டம்பரிலிருந்து 75 வயதானவர்களுக்கு ஆர்.எஸ்.வி. ஊசி வந்தது, அது ஒவ்வொரு வருடமும் போடுவது அல்ல. 65இல் நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும் நிமோகொக்கல் ஊசி, அக்கி வராமல் தடுக்கும் ஊசி இரண்டு தவணை. அக்கி வந்து நெருப்பால் சுட்ட மாதிரி மாதக் கணக்கில் வேதனைப்பட்டவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஃப்ளூவுக்குப் போகும்போதே "எனக்கு வேறு ஏதும் மிச்சம் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். வந்து போடலாமா?

போவதற்கு இரண்டு வாரம் முன்பே போடுங்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஃப்ளூ மழைக்காலத்தோடு சேர்ந்து பரவும், விமானத்தில் பதினொரு மணி நேரம் இருமலுக்கு நடுவில் இருப்பதும் உண்டு.

ஒக்டோபர், நவம்பர் எல்லாம் போய்விட்டது. இப்போது ஜனவரி. இனி வேண்டாம்தானே?

ஒக்டோபரில் போடுவதுதான் சிறந்தது, ஃப்ளூ பெரும்பாலும் டிசம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில்தான் உச்சத்துக்கு வரும். ஆனால் 2025–26 பருவத்தில் ஃப்ளூ ஊசி மார்ச் 31 வரை கொடுக்கப்பட்டது. கோவிட் ஊசி ஜனவரி 31 வரை. ஜனவரியில் கேட்கிறீர்கள் என்றால் பார்மசியில் இன்றே விசாரியுங்கள், பலர் முன்பதிவு இல்லாமலும் போடுவார்கள். என் அப்பா இப்போது செப்டம்பர் மாதமே கலண்டரில் சிவப்பு மையால் நாள் குறித்துவிடுகிறார். போன தடவை பக்கத்து வீட்டு வங்காளி ஐயாவையும் கூட்டிக்கொண்டுதான் போனார்.